ஒன்றாம் எண் வில்லையில் ஒரு வெட்டு

உங்களோடு பத்து வருஷம் ஒரே கூரையின்கீழ் வேலை பார்த்தவர் ஒருநாள் அதே கூரையின்கீழ் செத்துப்போனால், உங்கள் வாயில் முதலில் வரும் சொல் எது? நல்லவராகக் காட்டிக்கொள்ள யோசித்துச் சொல்லும் பதில் வேண்டாம். முதலில் வரும் சொல். "விதி" என்றுதானே? அப்படித்தான் சொல்வோம். சொல்லி, உச்சுக் கொட்டி, தலை குனிந்து நிற்போம். மணி அடித்ததும் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்போம்.

அந்தச் சொல்லைத் தன் வீட்டு மேசையில் யாரும் அப்படிச் சொல்லக் கூடாது என்று தடை போட்டிருந்த ஒரு பெண்ணின் கதை இது.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் உதிரிபாக ஸ்டோருக்குப் பொறுப்பு அவர். பெல்ட், பேரிங், போல்ட், சுவிட்ச் எது வேண்டுமென்றாலும் அவருடைய கம்பிவலை ஜன்னலுக்கு முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். அதனால் எல்லோருக்கும் அவர் ஸ்டோர் அக்கா. அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர்களுக்கும் அக்காதான்.

அவருடைய அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார், தாள் வெட்டும் இயந்திரத்தில். அக்காவுக்குப் பதினான்கு வயதிருக்கும்போது ஒருநாள் அப்பா வலது கையில் இரண்டு விரல்கள் இல்லாமல் வீட்டுக்கு வந்தார். "என் விதி" என்றார். மிச்ச மூன்று விரல்களால் சட்டைப் பொத்தான் போட வராது. தினமும் காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் அப்பாவுக்குப் பொத்தான் போட்டுவிடுவது மகளின் வேலையானது. பன்னிரண்டு வருஷம் போட்டுவிட்டார். அப்பா கண்ணை மூடும்வரை அந்த ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். அவர் போன பிறகு அதே தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த மகள், தூசி படிந்த பழைய ஃபைல் ஒன்றைப் புரட்டியபோது ஒரு வரி கண்ணில் பட்டது: "வெட்டும் வேகத்தைக் கூட்டுவதற்காகப் பாதுகாப்புத் தகடு கழற்றி ஸ்டோரில் வைக்கப்பட்டது." தேதி, அப்பாவின் விரல்கள் போனதற்கு ஆறு நாள் முன்பு. தகடு இன்னும் ஸ்டோரில்தான் இருந்தது. மேல் பரணில், பழைய சாக்குக்கு அடியில். அவர் அதைத் துடைத்து வைத்தார். அன்று சாப்பிடவில்லை.

இனி விளையாட்டுக்கு வருவோம். அக்காவின் வாழ்க்கையில் பாதி அதுதான்.

பெட்டி செய்ய அட்டை, அட்டை செய்யப் பழைய தாள். மூட்டை மூட்டையாகப் பழைய தாள் வந்து கழிவுத்தாள் கூடத்தில் குவியும். முப்பத்தொரு வயதில் ஒருநாள், வழிதவறிப் போன பேரிங் பெட்டி ஒன்றைத் தேடி அங்கே போன அக்கா, பிரிந்து கிடந்த மூட்டையில் ஒரு தடித்த புத்தகத்தைப் பார்த்தார். முன்னட்டை இல்லை. பின்னால் நாற்பது பக்கமும் இல்லை. நடுவில் ஒரு வரைபடம். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் ஒரு தேசம், அதைச் சுற்றிப் பன்னிரண்டு பிரம்மாண்டமான மதகுகள், மதகுக்கு அந்தப் பக்கம் கடல். தொள்ளாயிரம் வருஷ வரலாறு, ராஜாக்கள், கலகங்கள், உப்புப் பேய்கள், நடக்கும் பாறைகள். எல்லாம் ஆங்கிலத்தில். அகராதியை வைத்துக்கொண்டு சாப்பாட்டு வேளையில் தினமும் ஒரு பக்கமாக இரண்டு வருஷம் படித்தார்.

மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் அவருடைய தம்பிதான் விஷயத்தை உடைத்தான். "அக்கா, இது கதைப் புஸ்தகம் இல்ல. விளையாட்டு. உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேர் இந்தத் தேசத்துக்குள்ள விளையாடறாங்க. ஒருத்தர் அந்த உலகமா இருப்பார், மத்தவங்க ஆளுக்கு ஒரு ஆளா இருப்பாங்க. 'முன்னால ஒரு கதவு இருக்கு, என்ன பண்றே'ன்னு அவர் கேப்பார். இவங்க சொல்லணும். நடக்குமா நடக்காதாங்கறத ஒரு எண் முடிவு பண்ணும்."

"அதாவது நான் மழையாவும் இருக்கலாம், மதகாவும் இருக்கலாம்."

"பேயாவும் இருக்கலாம். அது உனக்குச் சுலபம்."

மூன்றாம் மாடியில் அக்காவின் இரண்டறை வீடு. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால். இரண்டு காலி டிரம்மின் மேல் ஒரு பிளைவுட் பலகை, அதுதான் மேசை. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம் ஆரம்பித்து வெளிச்சம் மங்கும்போது முடியும். ஆடுகிறவர்கள் மூன்று பேர். ஒருவன் மீட்டர் தம்பி. இரண்டாமவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சோடாபுட்டி அண்ணன். அவ்வளவு தடித்த கண்ணாடி போட்டவரிடம் வண்டியைக் கொடுத்த நிர்வாகத்தின் துணிச்சலைத் தொழிற்சாலையே மெச்சும். மூன்றாமவன் நெட்டை. அட்டையைப் பெட்டி வடிவத்தில் அழுத்தி வெட்டும் இயந்திரத்தை இயக்குகிறவன். ஆறடி இரண்டு அங்குலம்.

பகடை கிடையாது. நெட்டை தன் இயந்திரத்திலேயே அட்டையில் இருபது வட்ட வில்லைகள் வெட்டி, ஒன்று முதல் இருபது வரை எண் எழுதிக் கொண்டுவந்தான். பேரிங் வந்த தகர டப்பாவில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். இருபது வந்தால் ராஜயோகம். ஒன்று வந்தால் தொலைந்தாய்.

இரண்டாம் மாதமே நெட்டைக்கு ஒன்று வந்தது. அப்போது அவன் ஒரு இளம் மாலுமியாக ஆடிக்கொண்டிருந்தான். பெட்டி ஒன்றைத் திறந்தான், உள்ளே விஷ ஊசி.

"போச்சு தம்பி, செத்துட்டே" என்றார் அக்கா. "வருத்தப்படாத. விதி அப்படி."

நெட்டை வில்லையை மேசையில் போட்டான். "எந்த விதிக்கா? புஸ்தகத்துல எழுதின விதியா, தலையில எழுதின விதியா?"

"புஸ்தகத்துல இருக்கறதுதான்டா."

"எங்க, காட்டுங்க."

காட்ட முடியவில்லை. சாவு பற்றிய அத்தியாயம் கிழிந்துபோன நாற்பது பக்கங்களில் இருந்தது. தம்பி போனைக் கையில் எடுத்தான். "நெட்ல கிடைக்கும், ரெண்டு நிமிஷம்."

"வேணாம். நம்ம சாவுக்கு நாமளே எழுதுவோம்" என்றான் நெட்டை. "ஒரு ஊசி இருந்துச்சுன்னா அத வெச்சவன் ஒருத்தன் இருக்கான். அது இருக்கறது தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தவன் இருக்கான். அதெல்லாம் விட்டுட்டு 'ஒன்னு வந்துச்சு, செத்தான்'னா நான் ஒத்துக்க மாட்டேன்."

அக்காவுக்குச் சட்டென்று பரணில் இருந்த தகடு நினைவுக்கு வந்தது. அவர் ஆட்டக் குறிப்பு எழுதும் நோட்டை அவன் பக்கம் தள்ளினார். அந்த நோட்டின் உள்ளட்டையில், கோணல்மாணலான கையெழுத்தில், நெட்டை எழுதியது இதுதான்:

யாராவது சாகும் நிலை வந்தால் மேசை மூன்று கேள்வி கேட்க வேண்டும். ஆபத்து யார் கண்ணில் பட்டது? யாருக்குச் சொல்லப்பட்டது? யார் நிறுத்தியிருக்கலாம்? மூன்றுக்கும் பதில் வரும்வரை ஆள் சாகவில்லை. அப்படியே நிற்பான்.

கீழே அக்கா தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். இந்த மேசையில் விதி என்றால் ஆள் எழுதியது, ஆள் மாற்றக்கூடியது. வேறு அர்த்தத்தில் சொல்பவர் அன்றைக்கு எல்லா டம்ளரையும் கழுவ வேண்டும். முதல் மாதம் முழுக்கச் சோடாபுட்டி அண்ணன்தான் கழுவினார். "வாய்ல அதுவா வருதும்மா, நான் என்ன பண்ண, என் வி..." என்று பாதியில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைப்பார்.

மூன்று கேள்விக்கும் பதில் வந்தது. ஊசி வைத்தவன் பிடிபட்டான். மாலுமி கௌரவமாகச் செத்தான். அடுத்து நெட்டை எடுத்துக்கொண்டது எழுபது வயதுப் பூட்டுக்காரக் கிழவியை.

"இத்தனை உசரத்த வெச்சுக்கிட்டு எதுக்குடா கிழவி வேஷம்?"

"வாரத்துல ஆறு நாள் நான் நானாவே இருக்கேன்க்கா. ஒருநாள் லீவு வேணாமா?"

ஆறு வருஷம் அந்தக் கிழவி மதகு மதகாகப் பூட்டுத் திறந்தாள். யார் கதவைத் தொடப் போனாலும் "இருடா, கிழவி முதல்ல பாக்கட்டும்" என்று கையைத் தடுப்பாள். அது நெட்டைக்கே பழக்கமாகிப் போனது. தொழிற்சாலையில் யாராவது ஓடும் இயந்திரத்தின் பக்கம் கையைக் கொண்டு போனால், ஆறடி உயரத்திலிருந்து கிழவிக் குரல் வரும்.

அக்கா ஸ்டோர்க்காரர் அல்லவா, எதையும் எழுதாமல் விடமாட்டார். ஒவ்வொரு ஞாயிறும் தேதி, வந்தவர்கள், தாமதமானவர்கள், தாமதத்துக்குக் காரணம், அன்று கதையில் நடந்தது எல்லாம் நீளமான இருப்புப் பதிவு நோட்டில் ஏறும். உப்புப் பேய் எத்தனை வந்தது, எத்தனை போனது, மிச்சம் எத்தனை என்பதுகூடப் பத்தி பிரித்து இருக்கும்.

அந்த நோட்டில் ஒரு ஞாயிறு.

அன்று நெட்டை இருபது நிமிஷம் தாமதமாக வந்தான். வரும்போதே புலம்பிக்கொண்டு வந்தான். "விடுமுறைன்னு பேரு, காலைல கூப்பிட்டு வேல வாங்கிட்டாங்க. என் மெஷின் கதவு சுவிட்ச் போயிடுச்சுக்கா. கதவத் திறந்தா மெஷின் தானா நிக்கணுமில்ல? இப்ப நிக்காது. சுவிட்ச கம்பி போட்டுக் கட்டி ஓட்டுன்னுட்டார் சூப்பர்வைசர். கேட்டா, ஸ்டோர்ல இல்லன்றார்."

"ஸ்டோர்ல நிஜமாவே இல்லடா. தேவைச் சீட்டு போட்டேன். மேனேஜர் 'அவசரம் இல்லை'ன்னு எழுதித் திருப்பிட்டார். மறுபடி போடறேன்."

"போடுங்க, போடுங்க. அதுவரைக்கும் கம்பிதான் என் குலதெய்வம்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அன்றைய கதையில் அதைச் சேர்த்துவிட்டார். ஏழாம் மதகில் ஒரு இரும்புக் கதவு, தாழ்ப்பாள் கெட்டுப்போய் வெறும் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் கடல். ஆட்டம் களைகட்டியது. "யக்கா, என் பொழப்பையே பொறியா வெச்சுட்டியே!" என்று நெட்டை மேசையைத் தட்டினான். கிழவி கதவின் முன்னால் போய் நின்றாள். வெளிச்சம் மங்கியது. மிச்சம் பிறகு என்று விட்டார்கள். அதற்கடுத்த பத்து வாரமும் ஆட்டம் நடக்கவில்லை. பெரிய ஆர்டர் வந்ததால் ஞாயிறும் வேலை. அக்கா இன்னும் இரண்டு சீட்டு போட்டார். இரண்டும் திரும்பி வந்தன.

பதினோராவது வாரம், புதன்கிழமை காலை பத்து நாற்பது. அக்கா பெல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். பத்து வருஷத்துக்கு மேல் அந்தச் சத்தத்துக்குள் இருந்தவருக்கு எந்த இயந்திரம் ஓடுகிறது, எது நிற்கிறது என்று காதுக்கே தெரியும். நெட்டையின் வெட்டும் இயந்திரம் நின்றது. நிற்க வேண்டிய விதத்தில் நிற்கவில்லை. எண்ணியது மறந்துபோனது. வெளியே யாரோ ஓடினார்கள். பிறகு ஒருவரும் ஓடவில்லை.

சிக்கிய அட்டையை எடுக்கக் கதவைத் திறந்து குனிந்திருக்கிறான். கதவு திறந்திருந்தது. இயந்திரத்துக்கு அது தெரியவில்லை. இதற்குமேல் அதைச் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது மாலை நான்கு மணிக்கு நடந்தது. பதினோரு வாரம் எங்கே தேடியும் கிடைக்காத கதவு சுவிட்ச் நான்கு மணிக்கு ஸ்டோர் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தது. கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டி. பின்னாலேயே மேனேஜர் வந்தார்.

"மேடம், இத போன மாசத் தேதியில வரவு வெச்சுடுங்க."

"இன்னிக்குத்தானே சார் வந்துச்சு?"

"அவன் விதி முடிஞ்சு போச்சு, போயிட்டான். நாம இருக்கறவங்க பொழைக்க வேணாமா?"

அக்கா இருப்பு அட்டையில் அன்றைய தேதியைத்தான் எழுதினார். மறுநாள் காலையில் அந்த அட்டையும் இல்லை, மூன்று தேவைச் சீட்டுகள் இருந்த ஃபைலும் இல்லை. ஃபைல் இருந்த இடத்தில் தூசி இல்லாத ஒரு நீள்சதுரம் மட்டும் இருந்தது.

பத்து நாள் கழித்து, மதிய வேளையில், நெட்டையின் மனைவி மூன்று மாடி ஏறி வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். இந்த ஆட்டத்தை அவள் ஒருநாளும் மதித்ததில்லை. "கழுத வயசாச்சு, பொம்ம விளையாட்டு" என்பாள். கையில் நிர்வாகத்தின் கடிதம்.

"அக்கா, இதுல என்ன எழுதியிருக்கு பாருங்க. கவனக்குறைவுன்னு. நான் மாத்திரை அட்டையத் தப்பா எடுத்தாக்கூட அவருதானே வீட்ல இருந்துக்கிட்டே 'தேதியப் பாரு, தேதியப் பாரு'ம்பாரு. அவரா கவனமில்லாதவரு?" கடிதத்தை மேசையில் வைத்தாள். "பொண்ணுகிட்ட ஸ்கூல்ல கேக்குதுங்களாம், 'உங்கப்பா கவனமில்லாம செத்தாராமே'ன்னு. எனக்கு வேற ஒன்னும் வேணாம்க்கா. அந்த ஒரு வார்த்தைய எடுக்கச் சொல்லணும். விசாரணைக்கு வெளியில இருந்து அதிகாரி வராராம். உங்ககிட்ட எதாவது எழுத்துல இருக்கா?"

இருந்தது. அலமாரியின் இரண்டாம் தட்டில், நீள நோட்டு.

அக்கா அந்தப் பக்கத்தை இந்தப் பத்து நாளில் எத்தனை முறை திறந்தார், மூடினார் என்று அவருக்கே தெரியாது. ஒருமுறை பக்கத்தின் ஓரத்தைக் கிழிக்கும் அளவுக்கு மடித்தும் இருந்தார். மடிப்பு இன்னும் தெரிந்தது. இப்போது எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் வாசிக்கட்டும் என்று விடவில்லை, தானே வாசித்தார். அந்தத் தண்டனையாவது தனக்கு வேண்டும் என்று நினைத்திருப்பார்.

"நெட்டை, இருபது நிமிடம் தாமதம். காரணம்: கதவு சுவிட்ச் கெட்டு, கம்பியால் கட்டி ஓட்டச் சொல்லிவிட்டார்கள். மாற்று கேட்டான், ஸ்டோரில் இல்லை. இல்லை என்றது நான். முதல் சீட்டு திரும்பி வந்தது, மறுபடி போட வேண்டும்." அக்கா நிறுத்தினார். அடுத்த வரியையும் வாசித்தார். "இன்றைய பொறி: கம்பியால் கட்டிய மதகுக் கதவு. நல்ல யோசனை. எல்லோரும் நன்றாகச் சிரித்தோம்."

நெட்டையின் மனைவி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளட்டையைப் புரட்டினாள். புருஷனின் கையெழுத்தை விரலால் தடவினாள். மூன்று கேள்விகளையும் உதட்டை அசைத்து வாசித்தாள்.

"ரெண்டாவது கேள்வி" என்றாள். "யாருக்குச் சொன்னாரு?"

"எனக்குச் சொன்னான்மா."

"நீங்க சிரிச்சீங்க."

"சிரிச்சேன்."

அவள் எழுந்து போய்விட்டாள். படிகளில் செருப்புச் சத்தம் தரைவரைக்கும் கேட்டது. அக்கா மேசையின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை தொழிற்சாலை வாசலில் அவள் நின்றிருந்தாள். முகத்தைப் பார்க்காமல், "விசாரணைக்கு அந்த நோட்டக் கொண்டு வாங்க" என்றாள். "கடைசி வரியக் கிழிக்காம கொண்டு வாங்க."

விசாரணை நடந்த அறையில் ஏசி ஓடியது. அதிகாரிக்கு முன்னால் மூடி போட்ட தண்ணீர் டம்ளர். பக்கத்தில் மேனேஜர். அதிகாரி கெட்டவராகத் தெரியவில்லை, பசியோடு இருப்பவராகத் தெரிந்தார். நோட்டைப் புரட்டினார்.

"என்னம்மா இது? 'உப்புப் பேய் வரவு மூன்று, செலவு இரண்டு, இருப்பு ஒன்று.' இத நான் எந்த ஃபைல்ல வெக்கறது?"

மேனேஜர் சிரித்தார். "ஞாயித்துக்கிழமையானா இவங்க பேய் ஓட்டுவாங்க சார்."

"பேய்தான் சார் கற்பனை. தேதி கற்பனை இல்ல. கம்பி கற்பனை இல்ல."

"அப்படியே வெச்சுக்குவோம். உங்க கையெழுத்துலயே இருக்கு, உங்களுக்கு முன்னாலேயே தெரியும்னு. தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

"சும்மா இல்ல சார். மூணு சீட்டு போட்டேன். அப்புறம் சிரிச்சேன். ரெண்டையும் எழுதிக்கங்க."

அதிகாரி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க மேசையில ஒரு விதி இருக்கு சார். செத்தவனே எழுதினது. ஆபத்து யார் கண்ணுல பட்டுது? அவன் கண்ணுல. அவன் கவனமில்லாதவனா இருந்தா பட்டிருக்காது. யாருக்குச் சொன்னான்? சூப்பர்வைசருக்கு. எனக்கு. நான் யாருக்குச் சொன்னேன்? இதோ உங்க பக்கத்துல உக்காந்திருக்காரே, அவருக்கு. யார் நிறுத்தியிருக்கலாம்? அத நீங்கதான் சார் கேக்கணும். நான் கேட்டா பேய்க் கதைன்றாங்க."

மேனேஜர் ஏசி ரிமோட்டை எடுத்து, ஏற்கெனவே குளிராக இருந்த அறையை இன்னும் குளிராக்கினார். சீட்டுகள் எங்கே என்று அதிகாரி கேட்டார். அப்படி எதுவும் வந்ததாகப் பதிவில் இல்லை என்றார் மேனேஜர். நோட்டு பொழுதுபோக்கு விளையாட்டு தொடர்பானது, ஆவணமாக ஏற்க இயலாது என்று அதிகாரி எழுதினார். எழுதும்போது பேனா ஒருமுறை நின்றது. அவ்வளவுதான் அவருடைய மனசாட்சியின் நீளம்.

அறிக்கை வந்தது. "இயக்குபவரின் கவனக்குறைவால் நேர்ந்த, விதிவசமான விபத்து." எதை எடுக்கச் சொல்லிப் போனார்களோ அது இருந்தது. போதாக்குறைக்கு இன்னொன்றும் துணைக்கு வந்திருந்தது. கம்பி என்ற சொல் எங்கும் இல்லை. ஆள் எழுதிய விதியை ஆள் மீறி, ஆள் ஒருவன் செத்தால், அதற்குப் பெயர் விதிவசமாம். படித்தவர்கள், சம்பளம் வாங்குகிறவர்கள், கூச்சமில்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அக்காவை ஸ்டோரிலிருந்து கழிவுத்தாள் கூடத்துக்கு மாற்றினார்கள். அவமானப்படுத்துவதாக நினைத்திருப்பார்கள். போகும்போது பரணிலிருந்த தகட்டைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். யாரும் கேட்கவில்லை. அது எதன் தகடு என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிறு மேசை போட்டார்கள். ஏன் போட்டார்கள் என்று தெரியாமலேயே மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நாலாவது நாற்காலி காலி. தம்பி எதையோ சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டான். இரண்டரை மணிக்குக் கதவு தட்டும் சத்தம். நெட்டையின் மனைவி. உள்ளே வந்தாள், யாரிடமும் கேட்காமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அறிக்கை மேல அப்பீல் எழுதி இருக்கேன்" என்றாள். "அது போற வேகத்துல போகட்டும். அந்தக் கிழவி எங்க நிக்கறா?"

அக்கா நோட்டைத் திறந்தார். "ஏழாம் மதகுல. கதவுக்கு முன்னால."

"செத்துட்டாளா?"

"இல்லம்மா. மூணுக்கும் பதில் வரணும். ரெண்டுக்குத்தான் வந்திருக்கு."

"அப்ப நிக்கட்டும்." அவள் தகர டப்பாவைத் தன் பக்கம் இழுத்தாள். "இதுல கைய விட்டு எடுக்கணுமா?" விட்டாள். துழாவிய விரல்கள் ஓரிடத்தில் நின்றன. "இது என்ன, ஒன்னுல மட்டும் ஓரத்துல வெட்டு இருக்கு?"

எடுத்துக் காட்டினாள். ஒன்றாம் எண். ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெட்டு, இயந்திரத்தில் வைத்து வெட்டியதுபோல் சுத்தமாக.

அக்கா தம்பியைப் பார்த்தார். தம்பி ஜன்னலைப் பார்த்தான். சோடாபுட்டி அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார்.

"எங்களுக்குத் தெரியும்மா" என்றார் கடைசியில் அக்காவிடம். "உங்களுக்கு மட்டும்தான் தெரியாது. அந்த மாலுமி செத்த வாரமே நெட்டை வெட்டிக் கொண்டாந்துட்டான். 'கைய விடும்போது வெட்டு தட்டுப்பட்டா அத விட்டுட்டு வேற எடுங்கண்ணே, ஒன்னு வராது'ன்னான். 'ஏன்டா, இது கள்ளாட்டம் இல்லையா'ன்னு கேட்டேன். 'கள்ளாட்டம் இல்லண்ணே, இதான் காவல். மெஷினுக்குக் கதவு மாதிரி'ன்னான்."

அக்கா நோட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினார். ஆறு வருஷம். யார் எந்த எண் எடுத்தார்கள் என்று ஒவ்வொன்றும் அதில் இருந்தது. அந்த மாலுமிக்குப் பிறகு ஒன்று என்ற எண் ஒரே ஆள் பெயருக்கு நேராகத்தான் நாலைந்து முறை வந்திருந்தது. நெட்டை. வெட்டு விரலில் பட்டும், கதை சுவாரசியமாகட்டும் என்று அவனே எடுத்திருக்கிறான். மற்றவர்களுக்குத்தான் காவல்.

விளையாட்டுக்கு வெட்டிய அட்டை வில்லைக்கே காவல் வைத்தவனைத்தான் அந்த அறிக்கை கவனமில்லாதவன் என்கிறது.

நெட்டையின் மனைவி வில்லையை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். அழுதாள். அந்த வீட்டில் அவள் அழுதது அன்றுதான். அக்கா எழுந்து அவளருகே போகவில்லை. போகும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதையும் நோட்டுல எழுதுங்க" என்றாள். அக்கா தேதி போட்டு எழுதினார்.

ஞாயிறுதோறும் அவர்கள் உட்காருகிறார்கள். ஆட்டம் ஒரு அடிகூட நகரவில்லை. கிழவி அதே கதவின் முன்னால், கையைத் தூக்கி மற்றவர்களைத் தடுத்தபடி நிற்கிறாள். யார் நிறுத்தியிருக்கலாம் என்று யாராவது ஒருவர் கேட்பார். பதில் வந்த பாடில்லை. அப்பீலுக்கும்தான்.

அந்தப் பதிலை நீங்கள் சொல்ல முடியாது. ஆனால் நாளைக் காலை வேலைக்குப் போனதும் உங்கள் இடத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கம்பியால் கட்டிய ஒரு சுவிட்ச், கழற்றி வைத்த ஒரு தகடு, எல்லோரும் கேலி பேசிப் பழகிவிட்ட ஏதோ ஒன்று கண்டிப்பாக இருக்கும். அதைப் பற்றி யாராவது உங்களிடம் புலம்பினால் சிரிக்காதீர்கள். ஒரு நோட்டை எடுங்கள். தேதி போடுங்கள். யார் பார்த்தார், யாருக்குச் சொன்னார், யார் நிறுத்தலாம் என்று எழுதி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை நிறுத்தக்கூடியவரின் கையில் கொடுங்கள், இன்னொன்றை வீட்டில் வையுங்கள். புலம்பியவர் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள்.